192 என்ற எண் கண்ணில் படாதபோது

கேள்வி: எனக்கு வயது 52. பாட்டுக் கேட்பதுதான் என் ஒரே ஆடம்பரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நல்ல ஸ்பீக்கர்களும், டிஜிட்டல் கோப்பை ஒலி அலையாக மாற்றும் தனி டிஏசி ஒன்றும் வாங்கினேன். ஏற்கெனவே சிடியாக வைத்திருக்கும் ஆல்பங்களை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரம் என்று விற்கப்படும்) கோப்புகளாக மறுபடியும் காசு கொடுத்து வாங்கிவருகிறேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. திரை விலகியதுபோல் இருந்தது. அடுத்த அறையில் இருந்த என் மனைவிகூட, "இன்றைக்கு என்ன, பாட்டு வேறு மாதிரி கேட்கிறது?" என்றார். கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் நம்பவில்லை. என்னிடமிருந்த 192 கோப்பு ஒன்றை எடுத்துச் சிடி தரத்துக்கு இறக்கி, எது எது என்று எனக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டான். 16 முறையில் 9 முறைதான் சரியாகச் சொன்னேன். "அப்பா, இதற்குக் காசு சுண்டிப் பார்த்திருக்கலாம்" என்று சிரித்தான். அவமானமாகிவிட்டது. ஆனால் திரையில் 192 என்று தெரியும்போது வித்தியாசம் எனக்கு நிச்சயமாகக் கேட்கிறது. என் காது கெட்டுவிட்டதா? பதற்றத்தில் தவறவிட்டேனா? இல்லை, இத்தனை நாளும் ஏமாந்துதான் போனேனா?

பதில்: உங்கள் மனைவி சொன்னது உண்மை. உங்கள் மகன் கண்டுபிடித்ததும் உண்மை. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக நினைத்து நீங்கள் வருந்துகிறீர்கள், மோதவில்லை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கும் உறைத்தது. உங்கள் வீட்டில் நடந்தவை இரண்டு தனித்தனி ஒப்பீடுகள். நீங்கள் ஒப்பிட்டது பழைய சிடியையும் புதிதாக வாங்கிய ஹை-ரெஸ் ஆல்பத்தையும். மகன் ஒப்பிட்டது ஹை-ரெஸ் கோப்பையும் அதிலிருந்தே இறக்கிய நகலையும். இரண்டாவதில் எண் மட்டுமே மாறியது. முதலாவதில் எண்ணோடு சேர்ந்து வேறொன்றும் மாறியிருக்க வேண்டும்.

அந்த வேறொன்றுதான் என் பிழைப்பு. நான் மாஸ்டரிங் பொறியாளன். பதிவும் மிக்ஸிங்கும் முடிந்து வரும் பாட்டில், வெளியீட்டுக்கு முன் கடைசியாகக் கை வைப்பவன். பேஸ் எவ்வளவு தடிக்க வேண்டும், குரல் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும், உச்சங்களை லிமிட்டர் எந்த அளவுக்கு அமுக்க வேண்டும், மொத்தச் சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் என் மேசையில்தான் முடிவாகின்றன. 1990களில் தொடங்கி, தன் சிடி அடுத்தவன் சிடியைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில் எத்தனையோ ஆல்பங்கள் நசுக்கப்பட்டன. அவை பின்னாளில் ஹை-ரெஸ் பதிப்பாக வரும்போது பெரும்பாலும் வேறொருவர் மூலப் பதிவிலிருந்து புதிதாக மாஸ்டர் செய்கிறார். சில நேரம் மூச்சுவிட இடம் கொடுத்து அழகாகச் செய்கிறார். சில நேரம் முன்னதைவிட மோசமாக நசுக்குகிறார். எப்படியானாலும் அந்த மாற்றம் எவர் காதுக்கும் கேட்கும், பயிற்சி எதுவும் வேண்டாம்.

இதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது: அடுத்த அறை. சுவரும் கதவும் முதலில் விழுங்குவது உயர் அதிர்வெண்களைத்தான். தாண்டிப் போவது பேஸும் நடுப்பகுதியில் கொஞ்சமும். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு கூடுதலாகக் கொண்டுவருவதாகச் சொல்லப்படும் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சமாசாரம் ஒரு கனமான திரைச்சீலையைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும். ஆக, உங்கள் மனைவி அங்கிருந்து கேட்டது 192-ஐ அல்ல. புதிய மாஸ்டரை, அல்லது வெறுமனே கூடிய சத்தத்தை.

எண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடியில் இருப்பதுபோல் நொடிக்கு 44,100 சாம்பிள்கள், அதாவது ஒலி அலையின் அளவீடுகள், எடுத்தால் அதில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் திரும்ப உருவாக்கலாம். தோராயமாக அல்ல, முழுமையாக. சாம்பிள்களை அடுத்தடுத்து வைத்தால் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே என்று விளம்பரப் படத்தைக் காட்டுவார்கள். டிஏசியிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அல்ல. வடிப்பான் கடந்த வழவழப்பான அலை. 44.1-லும் அதே அலை, 192-லும் அதே அலை. 192-ல் கூடுதலாக 96 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது, அவ்வளவே. நல்ல இளங்காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை. நம் வயதில் 15-ஐத் தாண்டுவதே அரிது. என் காது 13-க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, நான் இன்னும் தொழிலில்தான் இருக்கிறேன். உங்கள் காது கெட்டுவிட்டதா என்று கேட்டீர்களே, வயதுக்கு ஏற்ற காது என்றுதான் நினைக்கிறேன். மகனின் சோதனையில் தோற்றதை வைத்து அதைப் பழிக்க முடியாது. அந்தச் சோதனையில் மகனே உட்கார்ந்திருந்தாலும் அநேகமாக அதே கதிதான்.

பிட் விஷயம் இன்னும் எளிது. பிட் கூடினால் ஒலி நுணுக்கமாவதில்லை. அடியில் இருக்கும் இரைச்சல் இறங்குகிறது. 16 பிட்டுக்கு உச்சத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி. இரவில் அமைதியான அறையிலேயே 30 டெசிபல் அளவுக்குப் பின்னணிச் சத்தம் இருக்கும். சிடியின் இரைச்சல் அந்த அளவுக்கு மேலே தலைகாட்ட வேண்டுமானால் பாட்டின் உச்சம் 126 டெசிபலைத் தொட வேண்டும். அது காது வலிக்கும் எல்லை. பதிவு செய்யும்போது 24 பிட் எனக்கு இன்றியமையாதது: பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினால் உடையாமல் இருக்க மேலே நிறைய இடம் விட்டு, தாழ்ந்த அளவில் பதிவு செய்யலாம். வேலை முடிந்தபின் அந்த இடத்தை உங்கள் வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்புவதால் உங்களுக்கு என்ன பயன்? 192/24 கோப்பு சிடியைப் போல் ஆறரை மடங்கு தரவு என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் திரையில் எண்ணைப் பார்க்கும்போது வித்தியாசம் கேட்கிறதே, அது என்ன? பொய்யா என்றால், இல்லை. உங்களுக்கு உண்மையாகவே வேறு மாதிரி கேட்கிறது. கேட்டல் காதில் மட்டும் நடப்பதில்லை. 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் ஒன்றைக் காட்டினார்கள்: 'பா' என்ற ஒலியை, 'கா' என்று உச்சரிக்கும் உதடுகளின் படத்தோடு சேர்த்து ஓட்டினால் பார்ப்பவருக்கு 'டா' என்று கேட்கிறது. ரகசியம் தெரிந்தவருக்கும் அப்படியே கேட்கிறது. கண்ணை மூடினால் 'பா'.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டின் மாஸ்டரிங்கில் இசையமைப்பாளர் என் பின்னால் நின்றுகொண்டு, குரலில் இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும் என்றார். உயர், தாழ் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் குமிழைத் திருகினேன். போதாது என்றார், இன்னும் அரை டெசிபல் கூட்டினேன். "இதுதான், இதுதான்" என்று தோளைத் தட்டினார். எனக்கும் குரல் மலர்ந்தது நன்றாகவே கேட்டது. அவர் போனபின் பார்த்தால் அந்த ஈக்வலைசர் இணைப்பிலேயே இல்லை. பைபாஸ் விளக்கு அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இருவரில் எவரும் நடிக்கவில்லை. அதன்பிறகு முக்கியமான முடிவு எதையும் நான் கண்ணால் பார்த்துக்கொண்டு எடுப்பதில்லை. திரையை அணைத்துவிட்டு, எந்தப் பொத்தான் எது என்று மறக்கும்வரை மாற்றி மாற்றி அழுத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.

பெயரை மறைத்துச் சோதிப்பது ஹை-ஃபை உலகத்தைக் கெடுக்க வந்த புதுச் சரக்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அது புதிதே அல்ல. 1784-ல் பாரிஸில் மெஸ்மர் என்பவரின் 'காந்த சக்தி' வைத்தியத்தைச் சோதிக்கப் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணையம் அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். பிராங்க்ளினின் தோட்டத்து மரங்களில் ஒன்றுக்கு மெஸ்மரின் சீடர் டெஸ்லான் காந்த சக்தி ஏற்றினார். அந்த மரத்தைத் தொட்டதும் தெரிந்துகொள்வான் என்று அழைத்து வரப்பட்ட 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாகக் கூட்டிப் போனார்கள். நாலாவது மரத்தில் மயங்கி விழுந்தான். அது காந்தம் ஏற்றாத மரம். கற்பனையே காரணம் என்று எழுதினார்கள்; ஆனால் விழுந்தது உண்மையாகத்தான் விழுந்தான். அந்தப் பையன்மேல் எனக்கு எப்போதும் ஒரு பரிவு உண்டு.

நம் துறைக்கும் அப்படி ஒரு மரம் கிடைத்தது. அனலாக் இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றை மூல நாடாவிலிருந்து நேராக வெட்டாமல், நடுவே டிஜிட்டல் நகல் எடுத்துத்தான் தயாரித்தது என்று 2022-ல் வெளியே வந்தது. முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். டிஜிட்டல் என்றால் ஒரு நொடியில் பிடித்துவிடுவோம் என்றிருந்த காதுகள் ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டுகளை மெச்சியிருந்தன. அதில் நான் காண்பது தட்டுகளின் குறையை அல்ல. தட்டுகள் நன்றாகவே இருந்தன.

இனி உங்கள் மகன் பக்கம் திரும்புகிறேன், ஏனென்றால் அவரும் எல்லையைத் தாண்டிவிட்டார். 16-ல் 9 என்பது காசு சுண்டலுக்குச் சமம் என்றது சரி: வெறுமனே ஊகித்தாலே 9 அல்லது அதற்கு மேல் கிடைக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. ஆனால் 'கேட்கவில்லை என்று நிரூபித்துவிட்டேன்' என்று அவர் சொன்னால் அது அதிகம். அந்தச் சோதனை சொல்வது இவ்வளவுதான்: அந்தப் பாட்டில், அந்த அறையில், அன்றைக்கு உங்களுக்கு வித்தியாசம் தெரிந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மிகச் சிறிய வித்தியாசம் ஒன்று இருந்தால் 16 முறை போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும்.

அப்படி நூற்றுக்கணக்கில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். பிராட் மேயரும் டேவிட் மோரனும் ஹை-ரெஸ் வட்டுகளின் ஒலியைச் சிடி தரத்துச் சுற்று ஒன்றின் வழியாகச் செலுத்தியும், செலுத்தாமலும் கேட்கச் செய்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: 554 முறையில் 276 சரி. பாதிக்கும் ஒரு மயிரிழை கீழே. ஒலியளவை வழக்கத்துக்கு மிஞ்சி ஏற்றி, அமைதியான இடங்களில் இரைச்சலைத் தேடினால் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. எதிர்த்தவர்களும் சும்மா இல்லை. மேயரும் மோரனும் பயன்படுத்திய வட்டுகளில் சிலவற்றின் மூலப்பதிவே ஹை-ரெஸ் இல்லை என்றார்கள், அது நியாயமான குறை. பின்னர் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளை, 12,500-க்கும் மேற்பட்ட தேர்வுகளை ஒன்றுசேர்த்து 2016-ல் கணக்கிட்டார். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி. பயிற்சி பெற்றவர்களிடம் இது 60 சதவீதத்தை ஒட்டி வந்தது. புள்ளியியல்படி இது தற்செயல் அல்ல. ஹை-ரெஸ் விற்பவர்கள் இந்தக் கட்டுரையைக் கொடியாகத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் இதை இப்படிப் பார்க்கிறேன். நம்புகிறவர்களின் கையில் இருக்கும் மிகச் சிறந்த எண்ணே நூற்றுக்கு 52. 'ஏதோ ஒன்று, சில நேரம், சிலருக்கு' என்பதற்கு அது போதும். 'திரை விலகியது' என்பதற்குப் போதாது. திரை உண்மையில் விலகினால் 16-க்கு 16 சொல்லியிருப்பீர்கள், அடுத்த அறையிலிருந்தே. தவிர, அந்த 52-க்குக் காரணம் காதுக்கு எட்டாத உயர் ஒலியான மீயொலிதான் என்றும் ஆகிவிடாது. 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை ஒரே ஸ்பீக்கரில் செலுத்தினால் அவை ஒன்றோடொன்று முட்டி, காதுக்கு எட்டும் பகுதியில் புதிய இரைச்சலைப் பிறப்பிக்கும். ஜப்பானில் அஷிஹாராவும் கிர்யுவும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதைக் காட்டினார்கள்: மீயொலிகளைத் தனித்தனி ஸ்பீக்கர்களில் பிரித்துவிட்டதும் கேட்டவர்களால் அடையாளம் காண முடியவில்லை. அதாவது சில கருவிகளில் ஹை-ரெஸ் வேறாகக் கேட்பதற்கு, அது கூடுதல் சேதம் விளைவிப்பது காரணமாக இருக்கலாம்.

பதற்றம் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் தள்ளிவிட மாட்டேன். மகன் பின்னால் நின்று சிரிக்கக் காத்திருந்தால் எவருக்கும் வியர்க்கும். ஆனால் பதற்றத்தையும் சோதிக்கலாம். அதே நாற்காலியில், அதே மகனோடு, ஒரே கோப்பின் இரண்டு நகல்களை 1 டெசிபல் சத்த வித்தியாசத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு மூலக் கோப்பையும், அதை மிகவும் சுருக்கிய 96 கேபிபிஎஸ் எம்பி3-யையும் கேளுங்கள். அவற்றை 16-க்கு 15 என்று பிடித்துவிட்டு 192-ல் மட்டும் 9-ல் நின்றால் பதற்றத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அவற்றிலேயே தடுமாறினால், முதல் சோதனையை இருவரும் மறந்துவிடலாம்.

மறுபடி செய்வதானால் சில பொறிகள் உண்டு. மிகப் பெரியது சத்தம். ஒலியளவில் மிகச் சிறிய ஏற்றத்தை மனம் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று வாசிக்காது. 'தெளிவு கூடியிருக்கிறது' என்று வாசிக்கும். இரு கோப்புகளையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். காதால் அல்ல, மென்பொருளால். அடுத்தது, சாம்பிள் வீதம் மாறும்போது பல டிஏசிகள் 'டொக்' என்று ஒலிக்கும் அல்லது ஒரு கணம் நிற்கும். முகப்பில் விளக்கும் மாறும். ஆகவே சிடி தரத்துக்கு இறக்கிய நகலைத் திரும்பவும் 192-க்கு ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இழந்தது திரும்பி வராது, ஆனால் டிஏசி இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும். கணினியின் ஒலி அமைப்பு எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படி மாறியிருந்தால் மகனின் முதல் சோதனையே வீண். நடுவே வயரில்லா புளூடூத் இருந்தாலும் அப்படித்தான்.

மகனும் அறையில் இருக்க வேண்டாம். எது ஒலிக்கிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அவர் மூச்சே குறிப்புக் கொடுக்கும். ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளுக்கு ஏபிஎக்ஸ் என்ற துணைக்கருவி இருக்கிறது: ஏ, பி இரண்டும் தெரிந்தவை, எக்ஸ் அவற்றில் ஒன்று, எது என்று கணினிக்கு மட்டுமே தெரியும். அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை என்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீணை மீட்டு அடங்கும் கடைசி நொடி, சிம்பலின் வால் போன்ற சிறு துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பது, முழுப் பாட்டைக் கேட்பதைவிடப் பலன் தரும். ஒலியின் நுட்பத்தை நினைவு சில நொடிகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருப்பதில்லை. எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், நன்றாக வரும்போது நிறுத்திக்கொள்வது ஏமாற்று வேலை. 16-ல் 12 வந்தால் கவனிக்க வேண்டியது. ஊகத்தில் அது கிடைக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. 12 வந்தால் உடனே கொண்டாடாமல் இன்னொரு 16 செய்யுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின், எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை எவரும் செய்யாதது இதுதான். பழைய சிடியைக் கணினியில் ஏற்றி, ஹை-ரெஸ் ஆல்பத்தைச் சிடி தரத்துக்கு இறக்கி, சத்தத்தைச் சமன் செய்து, இரண்டையும் பெயர் மறைத்துக் கேளுங்கள். இரண்டும் இப்போது 16 பிட், 44.1. அப்போதும் நீங்கள் சரியாகச் சொன்னால் (சொல்வீர்கள் என்றுதான் நினைக்கிறேன்) உங்கள் மனைவி கேட்டது என்ன என்று தெரிந்துவிடும். அதன்பின் எது பிடிக்கிறது என்பதையும் பெயர் தெரியாமலேயே முடிவு செய்யுங்கள். பழைய சிடி வென்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஏமாந்தேனா என்ற கேள்விக்கு: புது மாஸ்டர் நன்றாக இருந்தால் நீங்கள் வாங்கியது நல்ல பொருள்தான், சீட்டில் எழுதியிருந்த காரணம் மட்டும் தவறு. டிஏசியை விற்க வேண்டாம், ஸ்பீக்கர்களை நிச்சயமாக விற்க வேண்டாம். அடுத்த ஆல்பத்துக்குப் பணம் கொடுக்கும் முன் 96-ஆ 192-ஆ என்று தேடாமல், யார் மாஸ்டர் செய்தார், எந்த ஆண்டு, எந்த நாடாவிலிருந்து என்று தேடுங்கள். அதே மாஸ்டர் சிடி தரத்திலும் விற்பனைக்கு இருந்தால் அதையே வாங்குங்கள். மீதமாகும் பணத்தை ஸ்பீக்கர்கள் நிற்கும் இடத்துக்கும், அவற்றுக்கு எதிரே இருக்கும் வெற்றுச் சுவருக்கும் செலவிடலாம். அந்த மாற்றத்தைக் கேட்க உங்களுக்குச் சோதனையே தேவைப்படாது, ஆனாலும் மகனையே ஒன்று செய்யச் சொல்லுங்கள். அவருக்கு இதில் கை வந்துவிட்டது.